மறு: ‘கல்லிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்? ‘கடைநீக்கம்’ என் பரிந்துரை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பாஸ் மீன்பிடிப் போட்டியில் வரும் ‘கல்லிங்’ (culling) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். நான்கு நாளாக உங்கள் மறுமொழிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிக்கலாகிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். நான் அமெரிக்காவில், வடக்கு அலபாமாவில் இருக்கிறேன். பக்கத்தில் கன்டர்ஸ்வில் ஏரி. டென்னசி ஆற்றுக்குக் குறுக்கே 1939-இல் கட்டி முடித்த அணையால் உண்டானது, ஏறத்தாழ 69,000 ஏக்கர். நீருக்கடியில் பாசியும் புல்லும் அடர்ந்து கிடப்பதால் பாஸ் என்ற நன்னீர் மீனுக்குப் பேர்போன இடம். இங்கே உள்ளூர் பாஸ் கிளப் ஒன்றில் போட்டியாளர்கள் கொண்டுவரும் மீனை எடை போடும் எடைமேசையில் உட்கார்ந்து எழுதுவதும், பருவம் முழுக்கப் புள்ளிப்பட்டியல் போடுவதும் என் வேலை. அதையே தமிழிலும் எழுதி ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்புவேன். போன தடவை அனுப்பியதில், முதலிடம் பிடித்தவர் “ஏழு மீன்களைக் கழித்தார்” என்று ஒரு வரி இருந்தது. அம்மா தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டு, “கழிச்ச மீனையெல்லாம் என்னப்பா பண்ணீங்க, செத்துப் போச்சா?” என்று கேட்டார். ஒன்றுகூடச் சாகவில்லை. ஏழும் ஏரியில் நீந்திப் போயின. அம்மா புரிந்துகொண்டதில் தப்பில்லை, நான் போட்ட சொல்தான் தப்பு. அன்றிலிருந்து இது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, அந்தச் செயல் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் சொல்லைத் தேடுவது எளிது. போட்டியில் ஒருவர் ஐந்து மீன்களைத்தான் எடைக்குக் கொண்டுவரலாம். பிடித்த மீன்களைப் படகிலேயே இருக்கும் தொட்டியில், காற்று ஊட்டிய தண்ணீரில், உயிரோடு வைத்திருப்பார். ஐந்து சேர்ந்த பிறகும் தூண்டில் போடுவதை நிறுத்த மாட்டார். ஆறாவது மீன் கிடைத்தால் தொட்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, ஆறில் சிறியதை உடனே ஏரியில் விட வேண்டும். உதாரணமாக, கையில் இருப்பவை 4, 3, 3, 2½, 2 பவுண்டு, மொத்தம் 14½. ஆறாவது 3¼ பவுண்டு வந்தால் 2 பவுண்டு மீன் வெளியே போகும், மொத்தம் 15¾ ஆகும். சாயங்காலம் வரை இது நடந்துகொண்டே இருக்கும். எது சிறியது என்று மறந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு மீனின் தாடையிலும் வேறு வேறு நிறத்தில் ஒரு அடையாளக் கொக்கி மாட்டுவார்கள். இரண்டு மீனை இரு பக்கமும் தொங்கவிட்டுப் பார்க்கச் சின்னத் துலாக்கோலும் உண்டு. இவ்வளவும் சேர்ந்ததுதான் ‘கல்லிங்’.

இதை ஒலிபெயர்த்து எழுத வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். வினையாக எழுதினால் ‘கல் செய்தார்’ என்று வரும். தமிழ்க் கண்ணுக்கு அது கல்தான்.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> அகராதிகளில் ஏற்கெனவே ‘அழிப்பு’, ‘கொன்று குறைத்தல்’ என்று இருக்கிறதே. பறவைக் காய்ச்சல் செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கோழிப் பண்ணைக்கு அது சரி. இங்கே பொருள் நேர் எதிர். ரே ஸ்காட் என்பவர் 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய போட்டிதான் இன்றைய பாஸ் போட்டிகளுக்கெல்லாம் முன்னோடி. அவர் அலபாமாக்காரர், மான்ட்கமரியில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டே பாஸ் மீன்பிடிப்போருக்கான பெரிய சங்கத்தைத் தொடங்கினார். 1972-இல் “பிடித்ததைக் கொல்லாதே” என்ற முழக்கத்தோடு, எடை போட்ட மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தைப் போட்டிக்குள் கொண்டுவந்தவரும் அவரே. இந்த விளையாட்டு இன்று மதிப்போடு நிற்பதற்கு அந்த ஒரு மாற்றமே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். அதற்குப் பிறகு இதில் ‘அழிப்பு’ என்ற சொல்லைப் போடுவது அநியாயம்.

> சொல்லின் வேரைப் பாருங்கள். லத்தீனில் திரட்டுதல், பொறுக்கியெடுத்தல் என்ற பொருள். எனவே ‘பொறுக்கல்’.

வேர் நீங்கள் சொல்வதுதான், ஐயா. ஆனால் தமிழில் நாம் பொறுக்கியெடுப்பது வைத்துக்கொள்வதற்கு. ‘பொறுக்கிய மீன்’ என்றால் தொட்டியில் தங்கிய மீன் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது வெளியே போன மீனுக்கான சொல்.

> ‘கழிமீன்’ – சின்ன சொல், ஒலியும் நன்றாக இருக்கிறது.

ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கழி என்றால் உப்பங்கழி, கழிமுகம். கடற்கரைக்காரர்கள் கழிமீன் என்று கேட்டால் உப்பங்கழியில் கிடைக்கும் மீன் என்றே நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கழி’ என்ற வேர் எனக்கு வேறு இடத்தில் கட்டாயம் தேவைப்படுகிறது. எடைமேசைக்குச் செத்த மீனைக் கொண்டுவந்தால் ஒரு மீனுக்கு 4 அவுன்ஸ், அதாவது கால் பவுண்டு, மொத்தத்தில் குறைப்போம். நேரம் தவறிக் கரைக்கு வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு. இவை உண்மையான கழித்தல்கள், பள்ளிக்கூடக் கணக்கில் வரும் கழித்தல். ‘இறப்புக் கழிவு’, ‘தாமதக் கழிவு’ என்று பட்டியலில் இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே மூன்றாவதாக இன்னொரு ‘கழிவு’ வந்து, அது எடையைக் கூட்டும் என்றால் படிப்பவர் என்ன செய்வார்?

> ‘மாற்றிவிடல்’. ஒன்றை மாற்றி ஒன்றை விடுகிறோம். செயலை அப்படியே சொல்கிறது.

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதிலேயே இருந்தேன். ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் நழுவிவிடுகிறது. ‘மீனை மாற்றிவிட்டார்’ என்று எழுதினால் அந்த ‘விட்டார்’ துணைவினையாகிப்போகிறது. மாற்றி முடித்தார் என்ற பொருள்தான் நிற்கும். அதைவிட, எடைமேசையில் மீனை மாற்றிவிட்டார் என்றால் ஏமாற்றினார் என்று தொனிக்கிறது. 2022-இல் ஈரி ஏரியில் நடந்த வேறொரு மீன் போட்டியில், மீன் வயிற்றுக்குள் ஈயக் குண்டுகள் திணித்திருந்ததை எடைமேசையிலேயே அறுத்துக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எடை சம்பந்தமான எந்தச் சொல்லும் சந்தேகத்துக்கு இடம் தரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘சிறுநீக்கம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். பொருள் பொருந்துகிறது. ஆனால் சொன்னவுடன் சிறுநீரகம்தான் நினைவுக்கு வருகிறது, மருத்துவச் சொல் போலவே ஒலிக்கிறது.

ஆனாலும் ‘நீக்கம்’ என்ற பகுதி எனக்கு அதிலிருந்துதான் கிடைத்தது, நன்றி. எதை நீக்குகிறோம்? வரிசைப்படுத்தியதில் கடைசியில் நிற்பதை. தலை, இடை, கடை என்று தரம் பிரிப்பது நமக்குப் பழக்கமான முறை. எனவே கடைநீக்கம். வினையாக: கடைநீக்கினார். ‘பதினொரு மணிக்குள் ஐந்து சேர்ந்துவிட்டது, அதன் பிறகு நான்கு முறை கடைநீக்கினார்.’ எனக்கு இது தங்குதடையில்லாமல் ஓடுகிறது.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு ஆர்வமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. உண்மையில் அதுதான் முதன்மையான காரணம். பருவப் புள்ளிப்பட்டியலிலும் இதே செயல் நடக்கிறது.

எங்கள் கிளப்பில் ஒரு பருவத்துக்கு எட்டுப் போட்டிகள். ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்தவருக்கு 99, அதற்கடுத்து 98, இப்படியே இறங்கும். கலந்துகொள்ளாதவருக்குச் சுழியம். ஆண்டு முடிவில் எட்டையும் கூட்ட மாட்டோம், சிறந்த ஆறு மட்டுமே கணக்கு. ஒருவர் பெற்றவை 100, 99, 97, 95, 90, 88, 60, 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் எட்டிலும் 94. எட்டையும் கூட்டினால் முதலாமவருக்கு 629, இரண்டாமவருக்கு 752, பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் இருவருக்கும் கடைசி இரண்டை நீக்கினால் முதலாமவர் 569, மற்றவர் 564. ஆண்டுப் பட்டமே கை மாறுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு சனிக்கிழமை வராமல் போனவருக்கும், ஷிப்ட் மாற்ற முடியாதவருக்கும் இந்த விதி ஒரு பாதுகாப்பு. எல்லாப் போட்டிக்கும் தவறாமல் வந்தவருக்கு இது வலிக்கும் என்பதும் உண்மை. பருவ நடுவில் வரும் குழப்பமும் இதனால்தான்: ஆறாவது போட்டி வரை நீக்க ஒன்றுமில்லை, ஏழாவதிலிருந்துதான் பட்டியல் தலைகீழாகப் புரளத் தொடங்கும். “போன வாரம் மூன்றாவது இடத்தில் இருந்தேன், நான் ஜெயித்தும் எப்படி நாலாவதானேன்?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது வந்து நிற்பார்கள்.

ஆங்கிலத்தில் தொட்டியில் நடப்பதற்கு ஒரு சொல், பட்டியலில் நடப்பதற்கு வேறொரு சொல். எனக்கு இரண்டும் ஒரே கணக்காகத் தெரிகிறது. தொட்டியில் ஐந்து இடம், பட்டியலில் ஆறு இடம். நல்லது வந்தால் கடையில் நிற்பது வெளியே போகும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வைக்க முடியும் என்றால் ஏன் வைக்கக்கூடாது? ‘மீன் கடைநீக்கம்’, ‘புள்ளிக் கடைநீக்கம்’. பாய்மரப் படகுப் போட்டித் தொடர்களிலும் மோசமான ஓட்டத்தின் புள்ளியை விட்டுவிடும் விதி உண்டு. நம் கல்லூரிகளில் மூன்று உள்மதிப்பீட்டுத் தேர்வில் சிறந்த இரண்டை எடுத்துக்கொள்வதும் இதுதான். இந்தச் சொல் மீனோடு நிற்காது.

இனி மறுப்புகள்.

> கடைநீக்கம் என்றால் சாலையோரக் கடைகளை அகற்றுவது என்றல்லவா படிப்பார்கள்?

தனிச்சொல்லாகத் தலைப்பில் பார்த்தால் அப்படிப் படிக்க வாய்ப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைமடை என்றால் தஞ்சாவூர்ப் பக்கம் யாரும் கடைவீதியை நினைப்பதில்லை. கடைக்குட்டி, கடைக்கோடி எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன. நீங்கள் சொல்லும் குழப்பம் வருவதால் ‘கடைமீன்’ என்ற சொல்லை மட்டும் நான் கைவிட்டேன், அது கடையில் வாங்கிய மீன்தான்.

> கடை என்பது காலத்தில் கடைசியையும் குறிக்கும். கடைசியாகப் பிடித்த மீனை விட்டார், கடைசிப் போட்டியைச் சேர்க்கவில்லை என்று ஆகிவிடாதா?

இதுதான் வந்ததிலேயே வலுவான மறுப்பு. எழுதிய அம்மையாருக்கு என் வணக்கம். இதற்காகவே ஒரு திருத்தம் செய்கிறேன். கட்டுரையிலோ விதிமுறையிலோ முதல் முறை வரும்போது ‘கடைநிலை நீக்கம்’ என்று முழுதாக எழுதுவோம். கடைநிலை ஊழியர் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கு, அங்கே தரவரிசை என்ற பொருள் ஐயமில்லாமல் வருகிறது. அதன் பிறகு கடைநீக்கம் என்று சுருக்கலாம்.

தனிமடலில் ஒரு நண்பர் நுட்பமான கேள்வி ஒன்று கேட்டிருந்தார். தொட்டியில் ஒரு மீன் செத்துவிட்டால்? செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்க எங்கள் விதி விடாது, அது ஐந்தில் ஒன்றாகத் தங்கியே தீரும், 4 அவுன்ஸ் கழிவும் உண்டு. ஆக இருப்பதிலேயே சிறியது செத்த மீனாக இருந்தால், உயிருள்ளவற்றில் கடையில் நிற்பதைத்தான் விட வேண்டும். அப்போதும் ‘கடை’ பொய்யாகாது. வரிசை உயிருள்ளவற்றுக்கு மட்டும் என்று விளக்கத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும். தொட்டித் தண்ணீரைக் கவனிக்காதவருக்கு இந்த விதி சரியான தண்டனை. ஆகஸ்ட் வெயிலில் பனிக்கட்டி போட மறந்து, மூன்று மீன் செத்து வந்த படகை எடைமேசையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கழிவை எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸை ‘கொடுவா’ என்று எழுத வேண்டாம். நம் கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் வாழும் வேறு இன மீன். இது வட அமெரிக்க நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். ‘பாஸ் மீன்’ என்றே இருக்கட்டும், தேவைப்பட்டால் பெருவாய், சிறுவாய் என்று அடை சேர்ப்போம். பெருவாயின் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகும், அதனால் அந்தப் பெயர் தானே பொருந்துகிறது. படகுத் தொட்டிக்கு ‘உயிர்த்தொட்டி’ என்று வந்த பரிந்துரையை அப்படியே ஏற்கிறேன்.

பருவப் பட்டியலுக்குத் ‘தரவரிசை’ வேண்டாம், கிரிக்கெட்டால் எல்லாருக்கும் பழகிய ‘புள்ளிப்பட்டியல்’ போதும். தொடர்ந்து நன்றாகப் பிடிப்பது வேறு, ஒரு போட்டியை வெல்வது வேறு. பாஸ் மீன்பிடிப்பில் பேர்பெற்ற ரோலண்ட் மார்ட்டின், பருவப் புள்ளிகளை வைத்துத் தரும் ‘ஆண்டின் சிறந்த தூண்டில்காரர்’ பட்டத்தை ஒன்பது முறை வாங்கியவர், ஆனால் இந்த விளையாட்டின் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக்கை ஒரு முறைகூட வென்றதில்லை. இன்னொரு தூண்டில்காரரான ரிக் கிளன் அந்தக் கிளாசிக்கை நான்கு முறை வென்றார், அதில் முதலாவது 1976-இல் எங்கள் கன்டர்ஸ்வில் ஏரியில். இருவரில் யார் உயர்ந்தவர் என்று தரம் சொல்வது பட்டியல் எழுதுபவன் வேலை இல்லை. யாருக்கு எத்தனை புள்ளி என்று எழுதுவதே என் வேலை, பெயரும் அதையே சொல்லட்டும்.

நம் சொல் தொகுப்பில் சேர்க்க நான் முன்வைக்கும் பதிவு இது:

கடைநிலை நீக்கம் (சுருக்கம்: கடைநீக்கம்) – அனுமதித்த எண்ணிக்கை நிறைந்த பின் கூடுதலாக ஒன்று சேரும்போது, வரிசையில் கடைநிலையில் இருப்பதை நீக்குவது. மீன் போட்டியில் உயிருள்ள மீன்களுக்கு மட்டும் பொருந்தும். நீக்கிய மீனை உடனே உயிரோடு நீரில் விட வேண்டும். தொடர் போட்டிகளில், குறைந்த புள்ளி பெற்ற போட்டிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதையும் குறிக்கும்.

அடுத்த போட்டி வரும் சனிக்கிழமை. அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பும் பட்டியலில் ‘கடைநீக்கம்’ என்று ஒரு பத்தி இருக்கும். அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டுகிறேன்.