பதில்: ‘பீட்டா’வுக்கு வெள்ளோட்டம் பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆடு புலி ஆட்டத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் வேலை ஒருவழியாக முடிந்தது. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி, எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. இனி வெளியாள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி, மென்பொருள்காரர்கள் பீட்டா என்பது இதைத்தான். அதற்கு முதல் திரையில் என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில்களைப் படித்த பிறகு என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பீட்டா சோதனைக்கு ‘வெள்ளோட்டம்’, பீட்டா பதிப்புக்கு ‘வெள்ளோட்டப் பதிப்பு’.

> ‘இரண்டாம் நிலைச் சோதனை’தான் பொருள் மாறாத தமிழாக்கம். ஆல்பா முதல் நிலை, பீட்டா இரண்டாம் நிலை.

மாறுவதற்கு அங்கே பொருள் என்று ஒன்று இருக்க வேண்டுமே. ஆல்பா, பீட்டா என்பது வெறும் எழுத்து வரிசை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆளைப் பொறுத்தது. செய்தவனும் அவனோடு இருப்பவர்களும் ஆடிப் பார்ப்பது ஆல்பா. செய்ததில் கையே வைக்காதவர் ஆடிப் பார்ப்பது பீட்டா. ‘இரண்டாம் நிலை’ என்ற சொல்லில் அந்த ஆள் எங்கேயும் இல்லை.

அப்புறம் அந்தச் ‘சோதனை’. இங்கே மும்பையில் தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஓர் அக்காவிடம், “ஒரு சோதனைக்கு உங்க பையனை அனுப்புறீங்களா?” என்று கேட்டேன். “எதுக்கு, ரத்தம் எடுக்கவா?” என்றார். பேச்சுத் தமிழில் சோதனை என்றால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் வருமான வரி ரெய்டு, இல்லாவிட்டால் ஆண்டவன் கொடுப்பது. ‘தேர்வு’ என்றால் பிள்ளைகள் தெரு முனை தாண்டிவிடுவார்கள்.

> ‘முன்னோட்டம்’ இருக்கிறதே?

அதைச் சினிமாக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். முன்னோட்டம் உட்கார்ந்து பார்ப்பது. இங்கே கையை வைத்து இழுக்க வேண்டும்.

> பேசாமல் பீட்டா என்றே விட்டுவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்த அவர்களுக்கும் அது இப்போது எதையும் உணர்த்துவதில்லை. ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்தது, பீட்டா என்ற அடையாளத்தை 2009 ஜூலையில்தான் எடுத்தார்கள். ஐந்து வருஷம் வெள்ளோட்டம் விட்டால் அந்தத் தேரை எந்த ஊர் நம்பும்?

தேரென்று வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். புதிதாகச் செய்த தேரையோ, புதுப்பித்த தேரையோ சுவாமியை ஏற்றாமல் ஒரு முறை வீதி சுற்றவிடுவதுதான் வெள்ளோட்டம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். அதைப் புதுப்பித்து 2015-ல் வெள்ளோட்டம் விட்டார்கள், திருவிழாத் தேரோட்டம் அடுத்த ஆண்டுதான். நமக்கு வேண்டிய விஷயம் இதில் இரண்டு. வடம் பிடிப்பது ஊர்க்காரர்கள், தேர் செய்தவர்கள் அல்ல. செய்தவர்கள் சக்கரத்தின் பக்கம் நின்று அச்சு முனகுகிறதா, திருப்பத்தில் ஒதுங்குகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது, ஏதாவது பிசகினால் யாருக்கும் மனக்குறை இல்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் இழுத்ததே. பீட்டாவிலும் நாம் கேட்பது இந்த இரண்டைத்தான்.

> கோயில் சொல். எல்லோருக்கும் ஒட்டுமா?

நியாயமான கேள்வி. ஆடிப் பார்க்கப் போகிறவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் சொல் கோயில் வாசலைத் தாண்டி ரொம்ப நாளாயிற்று. புதுப் படகுக்கும் வெள்ளோட்டம், மெட்ரோ ரயிலுக்கும் வெள்ளோட்டம், கட்சி தொடங்கும் முன் நாலு கூட்டம் போட்டுப் பார்த்தால் அதுவும் அரசியல் வெள்ளோட்டம். யாழ்ப்பாண நண்பர்களுக்கும் இந்தச் சொல் புதிதில்லை. நாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை, புது இடத்தில் உட்கார வைத்தால் போதும்.

இப்போது நடைமுறை. கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள், பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன், குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். என் கணக்கும் இந்த விதிக்குள்தான் வருகிறது. மென்பொருளோடு சம்பந்தமே இல்லாத ஒரு டஜன் பேர் இரண்டு வாரம் விலகாமல் இருக்க வேண்டுமென்றால், தாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்குச் சொல்லிலேயே புரிய வேண்டும்.

அவர்கள் கண்ணுக்கு மட்டும் படுவது என்ன என்பதற்கு ஒரு சாம்பிள். புலி ஆட்டைத் தாண்டியதும் “புலி வெட்டியது!” என்ற வரி ஒவ்வோர் எழுத்தாக விழும்படி வைத்திருந்தேன். மேலே சொன்ன அக்காவின் பையன் பார்த்துவிட்டு, “அங்கிள், எழுத்து தாவுது” என்றான். யூனிகோடில் ‘வெ’ என்பது இரண்டு குறி, முதலில் வ, அடுத்துத்தான் கொம்பு. ஒவ்வொரு குறியாகக் காட்டும்போது வ தனியாக வந்து நிற்கிறது, பிறகு கொம்பு வந்து அதை வலப்பக்கம் தள்ளிவிட்டு முன்னால் உட்காருகிறது. தினமும் பார்த்த என் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது. ஆட்டத்தைச் செய்யப் பயன்படுத்திய கோடோ (Godot) என்ற மென்பொருளில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது, மாற்றிவிட்டேன்.

வெளியே கொடுக்கும் முன் புது வசதி எதையும் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்துகிறோமே, அதற்கும் ஒருவர் சொல் கேட்டிருந்தார். ‘சேர்ப்பு நிறுத்தம்’ போதும். அதற்கு மேல் யோசித்தால் நாமே சேர்ப்பு நிறுத்தத்தை மீறியவர்கள் ஆவோம்.

— சயனிலிருந்து

* * *

தம்பிக்கு,

வெள்ளோட்டத்துக்கு என் ஓட்டு. எழுதாத ஓலையை வெள்ளோலை என்கிறோம்; சுவாமி ஏறாத ஓட்டம் வெள்ளோட்டம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. தேர் வெள்ளோட்டம் ஒரு நாள் கூத்து. உங்களுடையது இரண்டு வாரம். இரண்டாவது, ஆடிப் பார்க்கிறவரை என்னவென்று அழைப்பது? ‘வெள்ளோட்டர்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைக் கேட்டால் வெள்ளை வேட்டி கட்டிய வாக்காளர் ஞாபகம்தான் வருகிறது. செம்பூரிலிருந்து ஓர் அம்மா ‘வடம்பிடிப்பவர்’ என்று எழுதியிருக்கிறார். அழகுதான், அகராதியில் நிற்குமா?

— மாட்டுங்காவிலிருந்து

* * *

ஐயா,

காலத்துக்கு ‘வெள்ளோட்டக் காலம்’ என்று போட்டால் இடிக்காது. இன்னொரு பிரிவும் இருக்கிறது. கூகுள்காரர்கள் மூடியது, திறந்தது என்று பிரிப்பதை அப்படியே எழுதினால் கடைக் கதவு மாதிரி இருக்கிறது. அழைத்தவர் மட்டும் வருவது ‘அழைப்பு வெள்ளோட்டம்’, யாரும் வரலாம் என்பது ‘பொது வெள்ளோட்டம்’. ஆல்பாவுக்கு ‘ஒத்திகை’யே இருக்கட்டும், அது குழுவுக்குள் நடப்பதுதானே. பிழைக்கு ‘வழு’ ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

ஆளுக்கு ‘வெள்ளோட்டக்காரர்’ என்று வைக்கிறேன். வீட்டுக்காரர், பால்காரர் வரிசையில் சேர்ந்துவிடும். ‘வடம்பிடிப்பவர்’ அகராதிக்கு வேண்டாம். நன்றித் திரையில் ‘வடம் பிடித்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டு எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். செம்பூர் அம்மாவுக்குச் சம்மதமா?

நம்மால் தீராத சண்டை ஒன்று பாக்கி. புலி எத்தனை ஆடு வெட்டினால் ஜெயம் என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள் தாராவியில் நிறைய, ஒரே தெருவில் இருப்பவர்களே ஒத்துப்போவதில்லை. அதனால் அந்த எண்ணிக்கையை ஆடுபவரே வைத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறேன். அழைப்பு வாசகத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்:

“ஆடு புலி ஆட்டத்தின் வெள்ளோட்டத்துக்கு வாங்க. இரண்டு வாரம் ஆடுங்க, ஆட்டத்தை உங்க போனிலிருந்து எடுத்துடாதீங்க. எங்கே சிக்குது, எது புரியலை, உங்க ஊரில் புலிக்கு எத்தனை ஆடு, மூணையும் எழுதி அனுப்புங்க.”

— சயனிலிருந்து