மறதிநோய்ப் பாடம்: பரவலா, இருப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

செவிலியர் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜப்பானில் ஹிசயாமா ஊர் மக்களைக் கியூஷூ பல்கலைக்கழகம் 1961 முதல் பின்தொடரும் ஆய்வை எடுத்திருக்கிறேன். 65 வயதுக்கு மேற்பட்டோரில் மறதிநோய் உள்ளவர்கள் 1985இல் 6.8 விழுக்காடு, 2012இல் 11.3. ஊர் மூப்படைந்ததைக் கழித்த பிறகு வரும் கணக்கு இது. அல்சைமர் வகை 1.5இலிருந்து 7.2 ஆனது, 1985இல் அதைவிட, மூளையின் இரத்தக்குழாய்கள் பழுதாவதால் வரும் இரத்தக்குழாய் வகையே அதிகம். இந்த விழுக்காட்டைப் ‘பரவல் வீதம்’ என்றால் மாணவிகள் தொற்றுநோய் என்றே நினைக்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.
– ம.

அம்மா, ‘இருப்பு வீதம்’ என்போம். புதிதாக நோய்ப்படுவோர் கணக்கு ‘வரவு வீதம்’. கடைக்கணக்குப் பார்த்த எவருக்கும் புரியும்: வரவு கூடாமலே இருப்பு கூடலாம், நோயோடு வாழும் ஆண்டுகள் நீண்டால் போதும்.

அப்புறம், ‘இரத்தக்குழாய்’ வேண்டாம், ‘குருதிக்குழல்’ போதும். ‘மறதிநோய்’ என்பதும் மெலிந்த சொல். வள்ளுவர் தந்த ‘பொச்சாப்பு’ இருக்கிறதே! பொள், பொத்து, பொந்து எல்லாம் உள்ளீடற்றவை. பொச்சாப்பும் நினைவில் விழுந்த பொள்ளல் என்றே நான் கொள்கிறேன். ‘புலம்’, ‘புலர்தல்’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– தி.

ஐயா, 531ஆம் குறளைப் பாருங்கள்: ‘சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு’. அங்கே பொச்சாப்பு மகிழ்ச்சியில் மயங்கியவன் செய்யும் குற்றம். அதை நோயாளியின் தலையில் ஏற்றலாமா? மறதிநோய்க்கு வழங்கிய ‘சிஹோ’ என்ற சொல்லில் மடமை என்ற இழிவு இருந்ததால்தான் ஜப்பானியர் 2004இல் ‘நின்சிஷோ’வுக்கு மாறினார்கள். பக்கவாதம் வந்தவரின் மகள் கேட்பது ‘ரத்தக்குழாய் அடைப்பா?’ என்றுதான். செவிலி அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘இருப்பு’ எனக்குச் சரி. ‘வரவு’ நல்வரவு போல ஒலிக்கிறது; ‘நேர்வு வீதம்’ என்று வைக்கலாம்.
– க.

‘நேர்வு’ பாதிப் பேருக்கு நேர்காணல். ‘வரவு’ என்றே வையுங்கள். குருதியை நான் விடுவதாயில்லை.
– தி.

இதுவரை ‘இருப்பு’க்கு நால்வர், ‘வரவு’க்கு மூவர். அவற்றையே அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘இரத்தக்குழாய்’, ‘மறதிநோய்’ அப்படியே.
– ம.

கொடுங்கள். ஆனால் ‘வகை’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. பிணக்கூறாய்வில் முதியோர் பலரின் மூளையில் அல்சைமர் புரதப் படிவும் குழாய்ச் சிதைவும் சேர்ந்தே கிடக்கின்றன. அட்டவணையில் ‘கலப்பு’க்கு ஒரு வரியாவது வேண்டும்.
– க.