கர்ப்பிணி சீட்டில இருத்திட்டாங்க! இனிக் கலியாணத்துக்கு எதை உடுக்கிற?

கல்லடிக்காரி

போன கிழமை கல்முனையில இருந்து மட்டக்களப்புப் பஸ்ஸில வாறன். சரியான சனம். கண்டெக்டர் தம்பி என்ட முகத்தைப் பாத்தான், மறுகா வயித்தைப் பாத்தான், முன் சீட்டில இருந்த பொடியனை எழுப்பிப்போட்டு "அக்கா, இதில இருங்க" எண்டான். ஜன்னலுக்கு மேல கர்ப்பிணித் தாய்மாருக்கு எண்டு எழுதிக் கிடக்கு. எனக்கு வயசு 41. கடைசிப் பிள்ளைக்கு 9. இல்லையெண்டு சொல்ல வாய் வரல்ல. காத்தான்குடி தாண்டும் மட்டும் கள்ளி மாதிரி வயித்தில கையை வச்சிக்கிட்டு இருந்து வந்தன்.

இன்னும் மூண்டு கிழமையில மச்சாள்ட மகளுக்குக் கலியாணம். நான் 5 அடி 1 அங்குலம். கை மெல்லிசு, கால் மெல்லிசு, தோளும் ஒடுக்கம். ரெண்டு சீசருக்குப் பிறகு உள்ள சதையெல்லாம் வயித்திலதான் குடியிரிக்கு. சாறி உடுத்தாக் கொய்யகம், அந்த முன் மடிப்பு, முன்னுக்குத் தள்ளிக்கிட்டு நிக்குது. சல்வார் போட்டா இருந்து எழும்பக்குள்ள வயித்தில ஒட்டிக்கொள்ளுது. பெரிசா எடுத்தாத் தோள் வழுகுது. என்ன செய்யலாம், சொல்லுங்க. கறுப்பு உடு எண்டு மட்டும் சொல்லாதீங்க, கலியாண வீடு அது.

பாடுமீன்

அக்கா, கோவிக்காம வாசிங்க. பிழை விட்டது கண்டெக்டர். வெக்கப்படுறது நீங்க. இது எந்த ஊர் நியாயம்? ரெண்டு பிள்ளை பெத்த வயிறு, அது வயிறு மாதிரித்தான் இருக்கும். உங்களுக்குப் பிடிச்ச சாறியைப் பிடிச்ச மாதிரி உடுத்துக்கிட்டுப் போங்க. மறைக்க மறைக்க அது பெரிசாகிக்கொண்டுதான் போகும். மனசில சொல்றன்.

ஊசிநூல்

மேல சொன்ன தங்கச்சி நல்ல மனசோட சொல்லியிருக்கிறா. ஆனா கேட்டது உடுப்பு. களுவாஞ்சிக்குடிப் பக்கம் 22 வருஷமாத் தைக்கிறன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றன்.

உங்கட கொய்யகம் தள்ளுறதுக்கு முதல் காரணம் சாறி இல்லை, உள்பாவாடை. கடையில விக்கிற நாடாப் பாவாடை சுத்திவரச் சுருக்கம். அந்தச் சுருக்கம் முழுக்க வயித்துக்கு மேல ஒதுங்கி நிக்கும், அதுக்கு மேல நாடா முடிச்சு, அதுக்கு மேல சாறியிட முதல் சுத்து, அதுக்கும் மேல கொய்யகம். வயிறு இல்லாத பிள்ளைக்கே ஒரு இஞ்சி, அதாவது ஒரு அங்குலம், கூடும். தைக்கிறவங்ககிட்டச் சொல்லி முன்பக்கம் தட்டையாப் பட்டி வச்சு, சுருக்கத்தைப் பின்னுக்கு மட்டும் விட்டு, பக்கத்தில ஊக்கு வச்சுத் தைப்பியுங்க. நாடாதான் வேணுமெண்டா முடிச்சை இடுப்பிட பக்கத்துக்குத் தள்ளுங்க.

கொய்யகம் எட்டு ஒன்பது வைக்காதீங்க. அகலமா அஞ்சு ஆறு போதும். மடிச்சு, அயன் பண்ணி, உள்ளுக்கு ஒரு ஊசி குத்திப்போட்டுச் சொருகுங்க. தொப்புளுக்கு நேரே வேண்டாம், ஒள்ளுப்பம் இடப்பக்கம்.

கட்டுற உயரம்தான் பெரிய விசயம். வயிறு இருக்கிற ஆக்கள் கனபேர் அதுக்குக் கீழ இறக்கிக் கட்டுறாங்க. அப்ப மேல இருக்கிறது வெளியில தொங்கும். தொப்புள் மறைய ஏத்திக் கட்டினா எல்லாம் ஒரே கோட்டில விழும்.

சல்வாருக்குத் தோள் அளவை விட்டுக்குடுக்காதீங்க. தோளுக்குப் பொருந்தத் தைச்சு, நெஞ்சுக்குக் கீழ இருந்து விரிச்சு விடச் சொல்லுங்க. பக்கவெட்டு இடுப்பெலும்புக்குக் கீழ துவங்க வேணும். வயித்தோட நேரே வெட்டுத் துவங்கினா, நடக்கக்குள்ள அந்த வெட்டு விரிஞ்சு வயிறு எட்டிப் பாக்கும். கடை ரெடிமேட்டில இதுதான் பிழை.

இன்னொண்டு, அளவெடுக்கக்குள்ள கதிரையில இருந்தும் அளவு குடுங்க. நிண்டா 36 எண்டவங்க இருந்தா 38, சிலபேர் 39. கலியாண வீட்டில நாலு மணித்தியாலம் இருக்கத்தானே போறீங்க.

வண்டிக்காரன்

நான் ஓட்டுறவன் இல்லை, வச்சிருக்கிறவன். பேரைப் பிழையா விளங்காதீங்க.

ஆம்பிளையளுக்கும் ஒண்டு சொல்லுங்க அக்கா. வேட்டியை வண்டிக்கு (தொந்திக்கு) மேல கட்டினா என்ட அப்பப்பா மாதிரிக் கிடக்கு. கீழ கட்டினா ஒவ்வொரு அஞ்சு நிமிசத்துக்கும் இறங்குது. போன வருஷம் கொக்கட்டிச்சோலைத் திருவிழாவில ஒரு கையால சாமியைக் கும்பிட்டன், மற்றக் கையால வேட்டியைப் பிடிச்சன்.

ஊசிநூல்

தம்பி, மேலதான் கட்ட வேணும். வெல்குரோ ஒட்டுற வேட்டி வாங்குங்க, அல்லது அகலமான இடுப்புப்பட்டி போடுங்க. சேட்டு வேட்டிக்கு மேல விழட்டும், நீளம் இடுப்பெலும்புக்குக் கீழ நாலு விரல். அதுக்கு மேல நீண்டாச் சேட்டு கவுணாகிடும்.

தறிச்சத்தம்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மருதமுனை. எங்கட வீட்டில தறி இரிக்கி, உம்மாவும் வாப்பாவும் நெய்தவங்க, அதனால துணியப் பத்திக் கொஞ்சம் பறையலாமெண்டு நெனைக்கன்.

எல்லாரும் ஜோர்ஜெட், ஷிபோன் எடுங்க, மெலிசாக் காட்டும் எண்டு சொல்வாங்க. நிக்கக்குள்ள உண்மதான், வழுகி விழும். ஆனா நம்மட ஊர் வெக்கைக்கு வேர்த்தா அது எங்க ஒட்டும்? வயித்திலதான். ஃபேன் காத்தடிச்சா இன்னும் மோசம். கைத்தறிக் கொட்டன் அப்பிடி ஒட்டாது, உடம்பில இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கும். உள்ளுக்க என்ன இரிக்கெண்டு அது காட்டிக் குடுக்காது ராத்தா.

கஞ்சி மட்டும் கனக்கப் போடாதீங்க. புதுச் சாறிய ரெண்டு மூண்டு தரம் கழுவி மெதுவாக்கிப் போட்டு உடுங்க. கரை சின்னதா எடுங்க. 5 அடி ஆக்களுக்கு ஆறு இஞ்சிக் கரை கட்டினா ஆளை ரெண்டாத் துண்டு போட்ட மாதிரி.

ஊசிநூல்

இதில மட்டும் நான் உடன்பட மாட்டன் தங்கச்சி. மருதமுனைச் சாறி சோக்கான சாறி, நானும் மூண்டு வச்சிருக்கிறன். ஆனா 5 அடி 1 அங்குலத்துக்கும் வயித்துக்கும் கொட்டன் உடுத்தா ஆள் பெட்டி மாதிரித் தெரியும். தள்ளி நிக்கிற துணி மெலிஞ்ச இடத்திலயும் தள்ளித்தான் நிக்கும். அக்காவிட கை, தோள், இடுப்பு எல்லாத்தையும் சேத்து ஒரே அகலமாக்கிடும். கிறேப் சில்க் எடுக்கலாம். ஜோர்ஜெட் மாதிரி ஒட்டாது, கொட்டன் மாதிரி விறைக்காது.

தறிச்சத்தம்

பட்டுநூலும் கொட்டனும் கலந்து நெய்யிறதும் இரிக்கி. "கைத்தறி எண்டா விறைப்பு" எண்டு ஒரே அடியா அடிக்காதீங்க. நம்மட தறியெல்லாம் நிண்டுபோகப் போற காலத்தில நம்மட ஆக்களே இப்பிடிச் சொன்னா நாங்க எங்க போற?

கணக்கு வாத்தி

ஒரு சின்னத் திருத்தம், இன்னும் யாரும் பிழை விடவில்லை என்றாலும் விடப்போகிறீர்கள் என்பதற்காக. "குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும், நெடுங்கோடு மெலிவாகக் காட்டும்" என்பது எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மன் அறிஞர் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார். ஒரே அளவான இரண்டு சதுரங்களை வரைந்து, ஒன்றைக் குறுக்குக் கோடுகளாலும் மற்றதை நெடுங்கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக் கோடு போட்ட சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். வேண்டுமென்றால் பிள்ளையின் கொப்பியில் வரைந்து பாருங்கள். 2011இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பீற்றர் தொம்சன் பெண்ணுருவப் படங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக் கோடு அகலமாகக் காட்டவில்லை என்றுதான் வந்தது. ஆகவே கல்லடி அக்கா குறுக்குக் கோட்டுச் சாறியைப் பயமில்லாமல் உடுக்கலாம்.

பாடுமீன்

சேர், பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீங்க. 2013இல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதைத் திரும்பச் செய்தவங்க. மெலிஞ்ச உருவத்தில அந்த மாயம் வேலை செய்யுது, பருத்த உருவத்தில செய்யல்ல. ஏற்கெனவே ஒல்லியா இருக்கிறவளை இன்னும் ஒல்லியாக் காட்டுற வித்தையால அக்காவுக்கு என்ன பிரயோசனம்?

கணக்கு வாத்தி

அதை நான் வாசித்திருக்கவில்லை. என்றாலும் நெடுங்கோடு மெலிவாகக் காட்டும் என்று அதுவும் சொல்லவில்லைத்தானே.

ஊசிநூல்

சதுரம் மூச்சு விடாது சேர், இருந்து எழும்பாது. துணியில கோடு வயித்துக்கு மேல வளையும். அந்த வளைவுதான் காட்டிக்குடுக்கிறது, கோடு குறுக்கோ நெடுக்கோ எண்டது இல்லை. அதனாலதான் நான் கோடே வேண்டாம், முழுக்கச் சின்னப் பூ எடுங்க எண்டு சொல்றது.

மாமாங்கம்

உடுப்பை விட்டுப்போட்டு உடம்பைப் பாருங்க அக்கா. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுத்தளவு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 எண்டு எல்லை வச்சிருக்கிறாங்க. அதுக்கு மேல போனா சீனி, பிரஷர் வாற ஆபத்துக் கூட. சோத்தைக் குறையுங்க, கல்லடிப் பாலத்தில பின்னேரம் நடவுங்க.

வண்டிக்காரன்

மூண்டு கிழமையில கலியாணம் மனே. பாலத்தில நடந்துகொண்டே போய்ப் பந்தியில இருக்கிறதா?

கல்லடிக்காரி

மாமாங்கம் அண்ணன், கிளினிக்குக்கு ஒழுங்காப் போறன், அது வேற கதை. இப்ப சாறி.

பாடுமீன் தங்கச்சிக்கு ஒண்டு. நீ சொல்றது சரியெண்டு எனக்கும் விளங்குது. ஆனா கலியாண வீட்டில போட்டோ எடுத்து மறுகா எல்லாற்ற போனிலயும் போடுவாங்க. அதை நான் பத்து வருஷத்துக்குப் பாக்க வேணும். எனக்கு வயிறு இரிக்கெண்டது பிரச்சினை இல்லை. போட்டோவில முதல்ல அது தெரியுறதுதான் பிரச்சினை.

பாடுமீன்

அதுதான் அக்கா நானும் கேக்கிறன், முதல்ல அது தெரியுதெண்டு யார் சொன்னது? நீங்க போட்டோவைப் பாத்தா உங்கட வயித்தைப் பாக்கிறீங்க. உங்கட மச்சாள் அவட வயித்தைப் பாக்கிறா.

இன்னொண்டும் சொல்றன். நான் ரீச்சர். இந்த வெக்கையில ஆறு யார் துணியை ஒவ்வொரு நாளும் சுத்திக்கொண்டு, கரும்பலகைக்குக் கையைத் தூக்கினா இடுப்புத் தெரியுமோ எண்டு பயந்துகொண்டு படிப்பிக்கிறன். 2022 நவம்பரில சில ஆசிரியைகள் வேற உடுப்போட பாடசாலைக்குப் போனது ஞாபகம் இருக்கும். கடைசியில சாறிதான் எண்டு மேலிடம் நிண்டிட்டுது. மற்ற ஆக்கள்ட கண்ணுக்காக உடுக்கிறதை நான் அஞ்சு நாளும் செய்யிறன். சனிக்கிழமைக் கலியாணத்துக்குமா?

ஊசிநூல்

தங்கச்சி, உன்ட கோவம் நியாயம். ஆனா அதுக்கு மருந்தும் தையல்லதான் கிடக்கு. சட்டையைப் பின்பக்கம் இறக்கி, கைக்குழியை ஏத்தித் தைச்சாக் கையைத் தூக்கக்குள்ள சட்டை கூட ஏறாது. கைக்குழி தாழ்ந்திருந்தாத்தான் முழுச் சட்டையும் சேந்து ஏறும். என்னட்ட வா, காட்டித்தாறன்.

பாடுமீன்

எல்லாத்துக்கும் உங்களிட்டத் தையல் இருக்கு. 😄 வாறன்.

தறிச்சத்தம்

வயித்த இறுக்கிற உள்ளுடுப்பு ஒண்டு ஒன்லைன்ல விக்காங்களே, அதப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல.

ஊசிநூல்

சொல்லாம விட்டது வேணுமெண்டுதான். குளிரூட்டின மண்டபத்தில ரெண்டு மணித்தியாலத்துக்குச் சரி. வெளிப்பந்தலில போட்டா வேர்த்து, நசுங்கி, கடிச்சு, சாப்பிடவும் ஏலாது. வயித்தை அமுக்கினா சதை மேல வந்து சட்டைக்குக் கீழ மடிப்பா நிக்கும். நாடாவும் அப்பிடித்தான், இறுக்கினா மெலிவு எண்டு நினைக்கிறாங்க. வருஷக்கணக்கா இறுக்கின இடம் கறுத்து, தோல் உரிஞ்சு வந்தவங்களை நானே பாத்திருக்கிறன். இந்தியாவில அப்பிடி ஆறாத புண் அரிதாப் புற்றுநோயா மாறினதையும் வைத்தியர்கள் பதிஞ்சிருக்கிறாங்க. அகலப்பட்டி வைங்க, நாடாவைத் தளத்துங்க.

கல்லடிக்காரி

கலியாணம் முடிஞ்சிது. சொல்லாம விட்டா நன்றி கெட்டவளாகிடுவன்.

சண்டை பிடிச்ச ரெண்டு பேருக்கும் நடுவில விழுந்தன். மருதமுனையில பட்டும் கொட்டனும் கலந்த சாறி, மயில்கழுத்து நிறம், ரெண்டு இஞ்சிக் கரை. முன்பக்கம் தட்டையான பாவாடை தைப்பிச்சன். ஆறு கொய்யகம், இடப்பக்கம். ஊசிநூல் அக்கா, பெட்டி மாதிரித் தெரியல்ல. ஆனா நீங்க சொன்னதும் கொஞ்சம் சரி, தலைப்பைப் பின் குத்தாம விட்ட நேரம் தோள் அகலமாத்தான் தெரிஞ்சிது. மறுகா மடிச்சுக் குத்தினன். ஏத்திக் கட்டினது முதல் ஒரு மணித்தியாலம் கழுத்தில கட்டின மாதிரி இருந்திது, பிறகு பழகிட்டு. நாலு மணித்தியாலத்தில ஒருக்காவும் சாறியைச் சரிபண்ண எழும்பல்ல.

அம்மா கண்டவுடனே கேட்டா, "என்னகா புள்ள, மெலிஞ்சிட்டாய், வருத்தமா?" எண்டு.

பாடுமீன்

பாத்தீங்களா? அதுவும் வயித்தைப் பத்தின கதைதான். பெரிசானாப் பிள்ளையா எண்டு கேப்பாங்க, சின்னதானா வருத்தமா எண்டு கேப்பாங்க.

கல்லடிக்காரி

ஓம் தங்கச்சி. வரக்குள்ள பஸ்ஸில கல்லடி மட்டும் நிண்டுகொண்டுதான் வந்தன், ஒருத்தரும் சீட்டுத் தரல்ல. கால் உளைவு இன்னும் போகல்ல.

தறிச்சத்தம்

ராத்தா, அந்தச் சாறியக் கழுவக்குள்ள முதல் தரம் தனியாக் கழுவுங்க. மயில்கழுத்து நிறம் கொஞ்சம் போகும்.