பஸ்ஸைக் கடலில் இறக்கினால் பார் (மீன் கூடும் கடலடித் திட்டு) ஆகிவிடுமா?

கரைவலை:
2021 ஜூனில் இலங்கையில் ஓடாத பஸ்களைக் கப்பலில் ஏற்றி வடக்குக் கடலில் இறக்கினார்கள், மீன் பெருகும் என்று. ராமேஸ்வரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. என் கேள்வி ஒன்றுதான்: இறக்கும் முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று யாராவது முங்கிப் பார்த்தார்களா? பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், ஒரு இடத்தில் சேறு என்றால் பக்கத்திலேயே கடற்புல். புல் மேல் பஸ் உட்கார்ந்தால் அதை மேயும் ஆவுளியா (கடல்பசு) எங்கே போகும்?

நெடுந்தீவான்:
அண்ணை, உங்கட ஆட்கள் எதிர்த்தது ஆவுளியாவுக்காகவா? றோலர் மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) சிக்கிக் கிழியும் என்றுதானே. 2017இலேயே இங்கே இலங்கையில் இழுவைமடிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் உங்கட பக்கத்து றோலர்காரர் இரவில் வந்து அடியோடு வாரிக்கொண்டு போகிறார்கள். புல்லை அழித்தது எது, பஸ்ஸா மடியா? அதோடு இறக்கியது எஞ்சின், டயர் கழற்றிய வெறும் கூடு.

கரைவலை:
நான் நாட்டுப்படகு தம்பி, மடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பஸ் கூடு ஆள் பார்த்தா சிக்கவைக்கும்? என் நண்டு வலையும்தான் மாட்டும். அறுந்த வலை அங்கேயே கிடந்து, எடுக்க ஆளில்லாமல், மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அலையாத்தி:
மடியைத் தடுக்க ஒன்று, மீனைப் பெருக்க ஒன்று. இரண்டையும் ஒரே பஸ்ஸில் ஏற்றாதீர்கள். எழுபதுகளில் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் பக்கம், சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். கட்டிய கம்பி துருப்பிடித்து அறுந்தது, புயலில் டயர்கள் உருண்டு போய்ப் பக்கத்தில் இருந்த உயிருள்ள பவளத்தையே அடித்தன. இன்னும் முழுதாக அள்ளி முடிக்கவில்லை. டயர் இல்லை, கூடுதானே என்றால் அதற்கும் கதை உண்டு: 2008இல் நியூ ஜெர்சிக்கு அப்பால் இறக்கிய துருப்பிடிக்காத எஃகு ரயில் பெட்டிகள் சில மாதங்களிலேயே நொறுங்கின. பஸ் தகடு மட்டும் எத்தனை நாள் தாங்கும்? பெயின்ட், ரப்பர், வயர் உறை எல்லாம் போனதா என்று பார்த்தது யார்?

நெடுந்தீவான்:
அப்போ ஒன்றும் போடவேண்டாம் என்கிறீர்களா? கூட்டைச் சுற்றி மீன் நிற்கத்தான் செய்யும்.

அலையாத்தி:
நிற்கும். அதுதான் சிக்கலே. தென்னம்பாளையைக் கட்டி இறக்கினாலும் கணவாய் கூடும். அது அங்கே பெருகியதா, அக்கம்பக்கத்தில் இருந்து வந்து சேர்ந்ததா? வந்து சேர்ந்ததுதான் என்றால், சிதறிக் கிடந்த களவாய் மீனை எல்லாம் ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஜிபிஎஸ் வைத்திருப்பவன் கையில் கொடுத்த மாதிரி ஆகும். பாரும் இருக்காது, மீனும் இருக்காது. வேண்டாம் என்று சொல்லவில்லை. தூத்துக்குடி வான் தீவைக் கரைக்கும் அலையை உடைக்க ஓட்டை வைத்த கான்கிரீட் கூடுகள் இறக்கியிருக்கிறார்கள், அவற்றில் மீனும் பவளமும் வந்திருக்கின்றன. இடம், எடை, அலை எல்லாம் கணக்குப் போட்டுச் செய்த வேலை அது.

கரைவலை:
இதைத்தான் நானும் கேட்கிறேன். போடுவதற்கு முன்னால் ஒரு வருஷமாவது மீனை எண்ணுங்கள். போடும் இடத்தில் மட்டுமில்லை, போடாத இடத்திலும். அங்கே யார் பிடிக்கலாம், எந்த வலை கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் முடிவு பண்ணுங்கள்.

நெடுந்தீவான்:
சரி, எண்ணட்டும், கான்கிரீட்டே போடட்டும். ஆனால் எண்ணும் அந்த ஒரு வருஷமும் மடி வராது என்று உங்கட பக்கத்தில் யார் உறுதி தருவது? அதற்கு இன்னும் பதில் வரவில்லை அண்ணை.