அவசரம்: டவுன்லோடு செய்த பாட்டு பென்டிரைவில் ஓடவில்லை, வெள்ளிக்கிழமை ஆண்டு விழா

வால்பாறை_டீச்சர் | செவ்வாய், இரவு 9:40
எல்லோருக்கும் வணக்கம். டவுன்லோடு செய்து வைத்திருந்த 14 பாட்டுகளையும் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். ஆம்ப்ளிஃபயரில் செருகினால் எதுவும் ஓடவில்லை, "எரர்" என்று மட்டும் காட்டுகிறது. பிள்ளைகள் ஒரு மாதமாக இந்தப் பாட்டுகளுக்குத்தான் ஆடிப் பழகியிருக்கிறார்கள். வெள்ளி மாலை விழா. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சேலத்துக்காரன் | இரவு 9:52
பென்டிரைவ் எத்தனை ஜிபி டீச்சர்? 64 என்றால் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கு முறையில்தான் வரும். மைக்செட்டில் இருக்கும் யூஎஸ்பி பிளேயர் பெரும்பாலும் ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். 32 ஜிபிக்குள் ஒன்று வாங்கி ஃபேட்32 என்று ஃபார்மட் செய்து போட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை கோளாறு எப்போதும் அங்கேதான்.

குமரி_முனை | இரவு 10:05
எங்கிருந்து டவுன்லோடு செய்தீர்கள்? கோப்பு எம்பி3யா, வேறா? கணினியில் ஓடுகிறதா? ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் (வெளியிலிருந்து பாட்டுக் கம்பி செருகும் ஓட்டை), புளூடூத் இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வால்பாறை_டீச்சர் | இரவு 10:31
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். பாட்டுச் செயலியில் டவுன்லோடு செய்தவை. மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறேன். போனைக் கேபிள் போட்டுக் கணினியில் இணைத்து, அந்தச் செயலியின் ஃபோல்டரைத் தேடி எடுத்தேன். கோப்புகளுக்குப் பாட்டின் பெயர் இல்லை, எண்ணும் எழுத்துமாக நீளமாக இருந்தன. அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் எம்பி3 என்று நானே சேர்த்தேன். கணினியிலும் ஓடவில்லை. பென்டிரைவ் 16 ஜிபிதான், போன வருடம் இதே மைக்செட்டில் இதே பென்டிரைவ் ஓடியது. பள்ளி எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும், அரங்கில் அதுவும் கிடையாது.

சேலத்துக்காரன் | இரவு 10:36
16 ஜிபியாக இருந்தாலும் ஒருமுறை ஃபார்மட் செய்து பாருங்கள் டீச்சர். செலவில்லாத வேலைதானே.

கணினிக்காரர் | இரவு 10:58
இதே கேள்விக்கு இங்கே நான்கு முறையாவது பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பெயரை மாற்றினால் கோப்பு மாறாது என்பது பாடம் நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை. சேலத்துக்காரர் தம்பி, ஃபார்மட் பேச்சை விடுங்கள், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்தக் கோப்புகள் பூட்டிய பெட்டிகள். சாவி செயலியிடம் இருக்கிறது. சந்தா நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் திறக்கும், அதுவும் அந்த ஒரு போனில், அந்தச் செயலிக்குள் மட்டும். சில செயலிகள் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு பேசாவிட்டால் டவுன்லோடு செய்ததையும் மூடிவிடும். எந்த நிறுவனத்தின் செயலி என்று நான் கேட்கப்போவதில்லை, எதுவாக இருந்தாலும் பதில் இதுதான். மாதாமாதம் நீங்கள் கட்டுவது கேட்பதற்கான வாடகை. பாட்டு உங்கள் கைக்கு வரவே இல்லை.

வால்பாறை_டீச்சர் | இரவு 11:10
அப்படியானால் "டவுன்லோடு" என்று பொத்தானில் ஏன் எழுதியிருக்கிறார்கள்? நான் இறக்கிவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோவை_பைக் | இரவு 11:15
எதற்கு இவ்வளவு சிரமம்? பாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாக எம்பி3 தரும் தளங்கள் வரிசையாக வரும். பத்து நிமிட வேலை.

குமரி_முனை | இரவு 11:22
அந்தத் தளங்களில் எந்த "டவுன்லோடு" உண்மையானது என்று கண்டுபிடிப்பதற்குள் பள்ளிக் கணினியில் என்னென்னவோ ஏறிவிடும். வேண்டாம் டீச்சர்.

வால்பாறை_டீச்சர் | புதன், காலை 6:20
கோவை சார், நன்றி. ஆனால் திருட்டுத் தளம் என்றால் எங்கள் தலைமையாசிரியர் சம்மதிக்க மாட்டார். எனக்கும் மனசு வராது. பாடினவர்களுக்கு ஏதாவது போய்ச் சேரட்டும் என்றுதான் சந்தாவே கட்ட ஆரம்பித்தேன்.

மைக்செட்_மாரி | காலை 7:05
டீச்சர், பென்டிரைவை மறந்துடுங்க. செயலிக்குள் பாட்டு ஓடுதுல்ல, போனையே ஆம்ப்ளிஃபயரில் மாட்டலாம். மூன்று விஷயம் சொல்லுங்க. போனில் இயர்போன் ஓட்டை இருக்கா, டைப்-சி மட்டும்தானா? ஆம்ப்ளிஃபயர் பின்பக்கம் ஆக்ஸ் என்று சிவப்பு, வெள்ளை ஓட்டை இருக்கா? மைக்செட் பள்ளியோடதா, வாடகையா?

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. மேட்டுக்குப் போய்ச் சிக்னல் இருக்கும் இடத்தில் செயலியை ஒருமுறை திறந்து மூடுங்க. பிறகு ஏரோபிளேன் மோடு போட்டு, போனை அணைத்துப் போட்டு, 14 பாட்டும் ஓடுதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்க. விழாவிலும் ஏரோபிளேன் மோடிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் ஆடும்போது நடுவில் போன் அடித்தால் பாட்டு நின்றுவிடும்.

தஞ்சை_கேசட் | காலை 9:30
டீச்சரின் பதிவைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. நான் 80களில் கேசட் கடை வைத்திருந்தவன். ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொண்டு வருவார்கள், 90 நிமிடக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து கொடுப்பேன். அந்தக் கேசட் எந்த டேப்பிலும் ஓடும், எந்த ஊர்த் திருவிழாவிலும் ஓடும். கடை மூடினாலும் பாட்டு அவர்களிடம் இருந்தது. இன்று காசும் கொடுத்துவிட்டு, பாட்டும் கையில் இல்லை. இந்தப் பெரிய நிறுவனங்களை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

கணினிக்காரர் | காலை 10:12
வரலாறு தெரியாமல் பேசக் கூடாது. ஆப்பிள் 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையைத் திறந்தபோது ஒரு பாட்டு 99 சென்ட், ஃபேர்பிளே என்ற பூட்டும் கூடவே வந்தது. பின்னர் ஐந்து கணினிகள் வரை அனுமதி என்று ஆனது. 2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பூட்டு போடச் சொல்வது இசை நிறுவனங்கள்தான், அவர்கள் ஒத்துக்கொண்டால் பூட்டில்லாமல் விற்கத் தயார் என்று. அதே ஆண்டு ஈஎம்ஐ என்ற இசை நிறுவனம் ஒத்துக்கொண்டது, 2009இல் மற்றவர்களும் வந்தார்கள். ஆக, விலைக்கு விற்கும் பாட்டில் பூட்டு போய்ப் பல வருடம் ஆகிறது. வாடகைப் பாட்டில்தான் இருக்கிறது. வாடகை என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் என்ன அநியாயம்?

குமரி_முனை | காலை 10:40
2005ஐ விட்டுவிட்டீர்களே சார். சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் தன் இசைத் தட்டுகளில், காசு கொடுத்து வாங்கியவரின் கணினிக்குள் பூட்டுக்காக ஒளிந்துகொள்ளும் மென்பொருளை வைத்து அனுப்பியது. அதைக் கண்டுபிடித்தவர் மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர். கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த மென்பொருள் போய்ச் சேர்ந்தது தட்டை விலைக்கு வாங்கியவரின் கணினிக்குத்தான். திருடியவருக்கு ஒரு தொல்லையும் இல்லை.

விலைக்கு வாங்கு என்கிறீர்கள், எங்கே வாங்குவது? ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்று ஓர் இணையப் பாட்டுக் கடை திறந்தது. பூட்டில்லாத எம்பி3, தமிழ்ப் பாட்டும் உண்டு. நானும் அதில் வாங்கினேன். 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். வாங்கியதை இறக்கிக்கொள்ள ஆகஸ்டு வரை அவகாசம் தந்தார்கள். பூட்டு இல்லாததால் அந்தப் பாட்டுகள் இன்றும் என்னிடம் ஓடுகின்றன. வாடகைப் பாட்டு என்றால் கடையோடு போயிருக்கும்.

இசைக்கலைஞன்_மகன் | காலை 11:25
தஞ்சைப் பெரியவரே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த 90 நிமிடக் கேசட்டில் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ஒரு பைசா போனதா? என் அப்பா ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவர். அன்றைய சம்பளம் அன்றோடு முடிந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு தந்தார்கள். மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக எவ்வளவு வாதாட வேண்டியிருந்தது! பூட்டே வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

தஞ்சை_கேசட் | காலை 11:50
தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். கடையை மூடிய பிறகு அதை நினைத்து வருந்தியிருக்கிறேன். ஆனால் இந்த டீச்சர் காசு கட்டியவர். கட்டிய பிறகும் எஸ்டேட் பிள்ளைகள் ஆட முடியவில்லை என்றால் அந்தப் பூட்டு உங்கள் அப்பாவுக்கு எந்த விதத்தில் உதவியது?

சட்டம்_படிப்பவள் | பிற்பகல் 1:15
அதே பதிப்புரிமைச் சட்டத்தில் இந்த இழைக்குத் தேவையான இன்னொன்றும் இருக்கிறது. 52ஆம் பிரிவைப் பாருங்கள். கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சியில் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வது பதிப்புரிமை மீறலே ஆகாது. கேட்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற அளவில் இருந்தால் போதும். டீச்சரின் ஆண்டு விழா அப்படியே அதில் அடங்கும்.

65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைப் பற்றியது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. ஆனால் உங்களுக்காக உடைத்துத் தருகிறவர் உங்கள் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்க வேண்டும். வால்பாறையில் எந்த டீச்சர் அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பார்? சட்டம் கொடுத்த உரிமை ஏட்டில் இருக்கிறது, பூட்டு போனில் இருக்கிறது. சந்தா எடுக்கும்போது "சொந்தப் பயனுக்கு மட்டும்" என்று செயலி போட்டிருக்கும் நிபந்தனை தனி விஷயம், அதையும் படித்துப் பாருங்கள்.

கணினிக்காரர் | பிற்பகல் 1:40
52ஆம் பிரிவு எனக்குப் புதிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தொழில்நுட்பம் பள்ளியையும் பப்பையும் பிரித்தறியாது.

ஸ்ரீபெரும்புதூர்_ஷிஃப்ட் | மாலை 4:30
எல்லோரும் பூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் போன் தயாரிக்கும் இடத்திலிருந்து எழுதுகிறேன். 2021 டிசம்பரில் எங்கள் பக்கத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்கு விடுதிச் சாப்பாட்டில் நஞ்சாகி, 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிளே சொல்லி ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஒரு பாட்டு எந்த போனில் ஓடுகிறது என்று நொடிக்கு நொடி பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஓர் அறையில் எத்தனை பெண்கள் படுக்கிறார்கள் என்று முன்னாடியே பார்க்கத் தெரியவில்லை.

கோவை_பைக் | மாலை 4:48
அதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? வேலை கொடுப்பதும் அவர்கள்தானே.

ஸ்ரீபெரும்புதூர்_ஷிஃப்ட் | மாலை 5:02
வேலை கொடுத்தால் கெட்ட சாப்பாட்டையும் சேர்த்துத் தின்ன வேண்டுமா சார்? என் தங்கை அந்த மாதிரி விடுதியில் இருந்தவள்.

நெறியாளர் | மாலை 5:20
இருவரும் தனி இழை தொடங்கிப் பேசுங்கள், முக்கியமான விஷயம். இங்கே டீச்சருக்கு இன்னும் பதில் முடியவில்லை.

வால்பாறை_டீச்சர் | வியாழன், மாலை 6:45
மாரி அண்ணா சொன்னபடி ஏரோபிளேன் மோடில் 14 பாட்டும் ஓடின, நன்றி. தலைமையாசிரியரின் பழைய போனில் இயர்போன் ஓட்டை இருக்கிறது, அதில் என் கணக்கைப் போட்டு மேட்டில் நின்று மறுபடி இறக்கினேன். இப்போது புதுப் பிரச்சினை. ஒத்திகையில் பாட்டு ஓடுகிறது, தாளமும் வயலினும் வருகிறது, பாடுகிறவர் குரலை மட்டும் காணோம்! எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலிப்பதுபோல் லேசாகக் கேட்கிறது. பிள்ளைகள் வரியைக் கேட்டுத்தான் அடி மாற்றுவார்கள், திகைத்து நின்றுவிட்டார்கள்.

சேலத்துக்காரன் | மாலை 6:58
போனில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) அமைப்புக்குப் போய் "மோனோ ஆடியோ" போடுங்கள், சரியாகிவிடும்.

வால்பாறை_டீச்சர் | இரவு 7:20
மோனோ போட்டேன். இப்போது சுத்தமாகச் சத்தமே இல்லை.

மைக்செட்_மாரி | இரவு 7:31
டீச்சர், கம்பியை எந்த ஓட்டையில் செருகியிருக்கீங்க? மூன்று பின் மைக் ஓட்டையிலா?

வால்பாறை_டீச்சர் | இரவு 7:40
ஆமாம். ஆக்ஸ் ஓட்டை உடைந்திருக்கிறது. வாடகைக்குக் கொண்டு வந்த அண்ணன் இயர்போன் பின்னையும் மைக் பின்னையும் ஒட்டி ஒரு கம்பி செய்து கொடுத்தார்.

மைக்செட்_மாரி | இரவு 7:52
பிடிச்சாச்சு. அந்தக் கம்பியில் இடது பக்கச் சத்தம் இரண்டாம் பின்னுக்கும், வலது மூன்றாம் பின்னுக்கும் போகுது. மைக் ஓட்டை இரண்டையும் கழித்து, வித்தியாசத்தைத்தான் எடுக்கும். பாடகர் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும், அதனால் கழிந்து போயிடுது. கிணற்றுச் சத்தம் மிச்சமிருக்கும் எதிரொலி. மோனோ போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிடும், எல்லாமே கழிந்துவிடும்.

மோனோவை எடுத்துடுங்க. அதே பக்கத்தில் இடது, வலது என்று ஒரு நகர்த்துக் கோடு இருக்கும், அதை முழுக்க இடது ஓரத்துக்குத் தள்ளுங்க. குரல் வந்திடும். வலப்பக்கம் மட்டும் பதிந்த வாத்தியம் ஒன்றிரண்டு குறையும், பிள்ளைகள் ஆடுவதற்குப் பாதகமில்லை. போனின் சத்தத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் ஏற்றுங்க, மைக் ஓட்டை சீக்கிரம் கரகரக்கும். நேரம் இருந்தால் அந்த அண்ணனிடம் சொல்லி வலது கம்பியைப் பிரித்து, மூன்றாம் பின்னை முதல் பின்னோடு சேர்க்கச் சொல்லுங்க. அதுதான் சரியான வேலை.

கணினிக்காரர் | இரவு 8:10
மாரி சொல்வது சரி. எனக்கு இது தோன்றவில்லை.

வால்பாறை_டீச்சர் | சனி, காலை 8:15
குரல் வந்துவிட்டது. 14 பாட்டும் ஓடின. ஆறாம் வகுப்புக் கும்மியை மறுபடி ஆடச் சொல்லி லயன் அம்மாக்கள் விடவில்லை. எல்லோருக்கும் நன்றி. மேட்டிலிருந்து எழுதுகிறேன், மழை வருகிறது.

நாகை_நடனம் | ஞாயிறு, இரவு 9:05
எனக்கும் இதே பிரச்சினை, பென்டிரைவில் ஓடவில்லை. புதன்கிழமை நிகழ்ச்சி. யாராவது உதவுங்கள்.

குமரி_முனை | இரவு 9:11
எங்கிருந்து டவுன்லோடு செய்தீர்கள்?