"கீழ்ப்பாக்கம் கேஸ்"னு ஈஸியா சொல்றோம், அந்தக் காலத்துல உள்ள போனவங்க வெளிய வரவே மாட்டாங்களா?

பரண்பெட்டி:
வீடு மாத்துறப்போ பரண்ல இருந்து தாத்தாவோட தம்பி தகரப்பெட்டி இறங்குச்சு. 1959ல அவரை ஏதோ மனநல ஆஸ்பத்திரில சேர்த்தாங்க, திரும்பி வரல, இவ்ளோதான் எங்களுக்குத் தெரியும். எந்த ஊர்னு கேட்டா அப்பா பேச்சை மாத்திடுவார். பெட்டில ஒரு நாலு முழ வேட்டி, ஒரு போஸ்ட் கார்டு. "தீபாவளிக்கு வருகிறேன், வண்டிச்சத்தம் மட்டும் அனுப்பவும்"னு (வண்டிக்கூலியைத்தான் அப்படிச் சொல்றார்) பென்சில்ல எழுதியிருக்கார், எழுத்துல ஒரு பிசிறு கூட இல்ல. இப்படி எழுதுற ஆளை ஏன் விடல? அப்ப மருந்தே இல்லையா?

மெட்ராஸ்வாசி:
விடறதுக்கு ரூல் இருந்துச்சு ப்ரோ, ஆனா கோர்ட் கேஸ் மாதிரி. 1912 லூனசி சட்டம்தான் அப்போ, அதாவது மனநோயாளிகளுக்கான சட்டம். வீட்டுல இருந்து மாஜிஸ்திரேட்டுக்கு மனு போடணும், ரெண்டு டாக்டர் சர்டிபிகேட், அப்புறம் ஆர்டர். வெளிய விட 'விசிட்டர்'ங்கள்ல, அதாவது ஆஸ்பத்திரியைப் பார்வையிட அரசு நியமிச்சவங்கள்ல, மூணு பேர் கையெழுத்து, அதுல ஒருத்தர் டாக்டர். சரி, கையெழுத்தே போட்டாலும் கூட்டிட்டுப் போக வீட்டு ஆள் வரணுமே. இந்தச் சட்டம் போய் 1987 சட்டம் வந்துச்சு, அதுவும் அமலானது 1993லதான்.
கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி கதை இன்னும் பழசு. 1794ல வேலன்டைன் கானலின்னு கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன் ஒருத்தர் லாபத்துக்கு நடத்துன தனியார் விடுதிதான் ஆரம்பம். இப்ப இருக்கிற இடத்துக்கு வந்தது 1871. சாரதா மேனன் 1961ல இருந்து 78 வரைக்கும் அங்க சூப்பரின்டென்டென்ட், இந்தியாவோட முதல் பெண் மனநல டாக்டர் அவங்கதான், இதை எத்தனை பேர் சொல்றோம்? கேஸ்னு கிண்டல் பண்ண மட்டும் ஊர் பேர் வேணும் நமக்கு.

மூலிகைக்கிறுக்கன்:
மருந்து இருந்துச்சுங்க. பீகார்ல சர்ப்பகந்தா வேரை 'பாகல் கி தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்துன்னே வித்தாங்க. 1931ல கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ்னு ரெண்டு பேர் அது சித்தப்பிரமைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கேக்குதுன்னு கட்டுரை எழுதினாங்க, அப்ப வெளிநாட்டுல யாரும் பெருசா கண்டுக்கல, 1952ல சுவிஸ் கம்பெனி அதுல இருந்து ரிசர்பின்ங்கற மருந்துப்பொருளைப் பிரிச்சு எடுத்தப்புறம்தான் உலகமே பேசுச்சு. ஆனா தயவுசெஞ்சு யாரும் நாட்டு மருந்துக் கடைல வாங்கி சாப்பிடாதீங்க, பிபி இறங்கிடும், சில பேருக்கு மனச்சோர்வே அதிகமாகும்.

வேலூர்அக்கா:
தம்பி, என்னைக் கேட்டா மருந்தை விட பக்கத்துல ஆள் இருந்தாங்களாங்கறதுதான் விஷயம். அமிர்தசரஸ்ல வித்யாசாகர்னு டாக்டர் 1950கள்ல ஆஸ்பத்திரி வளாகத்துலயே டென்ட் அடிச்சு நோயாளியோட குடும்பத்தையும் தங்க வெச்சார், நர்ஸ் பத்தல, வேற வழியில்ல. வீட்டு ஆள் கூட இருந்தா சீக்கிரம் தேறி வீட்டுக்கே போயிடறாங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. வேலூர் சிஎம்சி பாகாயம் சென்டர்லயும் அந்த முறைதான், கூட ஒருத்தர் தங்கியே ஆகணும். எங்க சித்திக்காக நான் தங்கியிருக்கேன், மாத்திரையை நாக்குக்கு அடியில ஒதுக்கறாங்களான்னு பாக்கறதுலயே பாதி நாள் போயிடும் 😅

ராம்நாட்_87:
குடும்பம் கொண்டு போய் விட்ட கதைதானே எங்க ராமநாதபுரம் ஏர்வாடி மனநலக் காப்பகமும். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை தீ, சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல, 28 பேர் போயிட்டாங்க. சங்கிலி போடக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுத 2017 ஆயிடுச்சு.

பரண்பெட்டி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து நைட் கார்டை அப்பா கையில கொடுத்தேன், ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார். வண்டிச்சத்தம் அனுப்பினாங்களாப்பான்னு கேட்டேன். அனுப்பினாங்களாம், பொங்கல் கழிச்சு. மணியார்டர் திரும்பி வந்துடுச்சாம். அந்த ரசீதும் பெட்டியிலதான் இருக்கணும்ங்கறார், அடியில விரிச்சிருக்கிற பேப்பரை இன்னும் நான் எடுக்கல.