புதுப்பிப்பு: கச்சேரியில் மைக் கீச்சிட்ட விவகாரம்

திருமங்கலத்தில் எங்கள் மெல்லிசைக் குழு மேடையேறினாலே மைக் கீச்சிடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று மாரியம்மன் கோயில் கச்சேரி. நீங்கள் சொன்னபடி மானிட்டர் ஸ்பீக்கரை (மேடையில் இருப்பவர்களுக்கே சத்தம் கேட்க வைப்பது) மைக்கின் முதுகுப் பக்கம் வைத்தோம். கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் வகை) பின்னாலிருந்து வரும் சத்தத்தை அவ்வளவாக வாங்காதாம். பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களையும் மேடைக்கு முன்னால் தள்ளி, மிக்ஸரில் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கத்துகிற அலைவரிசையை மட்டும் குறைத்ததும் கீச்சு போயே போச்சு! தபேலாக்காரர் மட்டும் "என் வாசிப்பு எனக்கே கேக்கலப்பா" என்று முறைத்தார். (அவர் எப்பவும் அப்படித்தான்.) இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பதால் குத்துப்பாட்டுகளை முன்னாடியே பாடிவிட்டோம். மேடை அமைப்பின் படம் கேட்டவர்களுக்கு நாளை போடுகிறேன்.